அப்பாவுக்கு நிற்கும் பல்செட் அம்மாவுக்கு ஏன் எழும்புகிறது?

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்களுக்கு உசிலம்பட்டி பக்கம். அம்மாவுக்கு 67 வயது, அப்பாவுக்கு 72. இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் பல்செட் கட்டினார்கள். அப்பா அதை மாட்டிக்கொண்டு கறிக்குழம்பில் கிடக்கும் எலும்பைக்கூடக் கடிக்கிறார். அம்மாவுக்கு மேல் செட் பரவாயில்லை. கீழ் செட் பேசும்போதே எழும்பிவிடுகிறது. நாலு மாதத்துக்கு முன்பு புதிதாகக் கட்டியும் அதே நிலைமைதான். அம்மாவுக்குக் கீழ்ப்பல் எல்லாம் போய் 15 வருடம் ஆகிறது. அப்பாவுக்குப் போய் 3 வருடம்; கீழே இரண்டு கோரைப்பல் மட்டும் மிச்சம் இருக்கிறது. அதையும் எடுத்துவிட்டு முழு செட்டாகப் போட்டுவிடலாம் என்கிறார்கள். "பொம்பளை தாடை சின்னது, அப்படித்தான் இருக்கும்" என்கிறார் பக்கத்து வீட்டு அத்தை. என் அப்பத்தாவுக்கும் கடைசிக் காலத்தில் நாடி மூக்கைத் தொடுகிற மாதிரி ஆகிவிட்டது. தாடை எலும்பு உண்மையிலேயே கரையுமா? ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறா? எனக்கு 44 வயது, எனக்கும் இப்படி ஆகுமா? இன்னொன்று, இடது பக்கம் கடித்தால் உதடு வரைக்கும் ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்கிறார் அம்மா.

பதில்: சகோதரிக்கு வணக்கம். "இன்னொன்று" என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அந்த ஷாக்கிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் மற்ற கேள்விகளுக்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது.

கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. கீழ்ப்பற்களுக்கெல்லாம் கிளை கொடுத்துக்கொண்டே முன்னால் வந்து, எலும்பின் வெளிப்பக்கத்தில் ஒரு சிறிய துளை வழியாக வெளியேறி, கீழ் உதட்டுக்கும் நாடிக்கும் உணர்ச்சி கொடுக்கிறது. பல் உள்ள ஒருவருக்குக் கோரைப்பல்லை அடுத்துப் பின்னால் இரண்டாவதாக இருக்கும் பல்லுக்கு நேர் கீழே, எலும்பின் பாதி உயரத்தில் இந்தத் துளை இருக்கும். அதற்கு மேலே எலும்பு, அதற்கு மேலே ஈறு. அதனால் எவ்வளவு அழுத்திக் கடித்தாலும் நரம்புக்குத் தெரியாது.

பல் போன பிறகு எலும்பு மேலிருந்து கீழ்நோக்கித் தேய்கிறது. துளை இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதன் தலைக்கு மேல் இருந்த எலும்புதான் குறைகிறது. ஒரு கட்டத்தில் துளை எலும்பின் உச்சிக்கே வந்துவிடும். அப்போது நரம்புக்கும் பல்செட்டுக்கும் நடுவில் ஈறின் தோல் மட்டுமே மிச்சம். கடிக்கும்போதெல்லாம் செட் நரம்பை நசுக்கும். உதடு வரை ஷாக் அடிப்பது இதனால்தான். சிலருக்கு ஷாக் இருக்காது, உதடு மரத்துப்போகும்.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அம்மாவைச் செட்டைக் கழற்றச் சொல்லுங்கள். இடது வாய் ஓரத்திலிருந்து சற்றுப் பின்னால், ஈற்று மேட்டின் உச்சியில் ஆள்காட்டி விரலால் மெதுவாக அழுத்திக்கொண்டே போங்கள். ஓர் இடத்தில் அம்மா சட்டென்று முகத்தைச் சுளிப்பார். செட்டின் அடிப்பக்கத்தில் அதற்கு நேராக உள்ள இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பல் மருத்துவர் அழுத்தம் காட்டும் பசையைத் தடவி அதே இடத்தை உறுதி செய்து, அங்கே மட்டும் கொஞ்சம் குடைந்து விடுவார். பத்து நிமிட வேலை. நீங்களாக அரமோ உப்புத்தாளோ எடுத்துத் தேய்த்துவிடாதீர்கள். இடம் ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் செட் சரிந்து உட்காரும், புது இடத்தில் புண் வரும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. செட்டே போடாதபோதும் உதடு மரத்திருந்தாலோ, வாய்ப்புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டாலோ, அதைப் பல்செட் புண் என்று வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அம்மாவுக்கு வெற்றிலை பாக்கு, புகையிலைப் பழக்கம் இருந்தால் உடனே காட்ட வேண்டும்.

இனி எலும்பு. கரையுமா என்றால், ஆம், உண்மையிலேயே கரைகிறது. ஆனால் தாடை முழுவதும் கரைவதில்லை. கீழ்த்தாடையை இரண்டு அடுக்கு வீடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். கீழ் அடுக்கு லாடம் போல வளைந்த கெட்டி எலும்பு. மேல் அடுக்கு பல்லுக்காகவே கட்டிய எலும்பு. பல் முளைக்கும்போது அதோடு வளரும், பல் இருக்கும்வரை இருக்கும், பல் போனால் அதற்கு வேலை இல்லை. பல்லின் வேர் எலும்போடு நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. நடுவில் மெல்லிய நார்கள் உண்டு. ஒவ்வொரு கடியின்போதும் அந்த நார்கள் எலும்பை இழுக்கின்றன. அந்த இழுவைதான் எலும்பை உயிரோடு வைத்திருக்கிறது. பல்செட் இழுப்பதில்லை, மேலிருந்து அமுக்கத்தான் செய்யும். எலும்பு இழுவையைத் தாங்கும், தொடர்ந்த அமுக்கத்தைத் தாங்காது.

பல்லை எடுத்த முதல் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தேய்மானம் மிக வேகம். கீழ்த்தாடையின் முன்பகுதியில் 4, 5 மில்லிமீட்டர் வரை போகலாம். பிறகு வேகம் குறைந்து வருடத்துக்கு 0.1, 0.2 மில்லிமீட்டர் என்று ஆகும், ஆனால் நிற்காது. முழு செட் போட்டவர்களை 25 வருடம் தொடர்ந்து கவனித்து 1972-ல் வெளியான ஓர் ஆய்வு, கீழ்த்தாடை மேல்தாடையைப் போல நான்கு மடங்கு தேய்கிறது என்று காட்டியது. பல் மருத்துவம் படிப்பவர்கள் இன்றும் அதைத்தான் படிக்கிறார்கள். அம்மாவின் மேல் செட் "பரவாயில்லை" என்பதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று பரப்பு. மேல் செட் அண்ணம் முழுவதையும் மூடிச் சுமார் 23 சதுர சென்டிமீட்டரில் உட்காருகிறது, காற்றுப் புகாமல் உறிஞ்சிப் பிடிக்கிறது. கீழ் செட்டுக்குக் கிடைப்பது 12 சதுர சென்டிமீட்டர் அளவுதான். நடுவில் நாக்கு வேறு ஓயாமல் தள்ளிக்கொண்டிருக்கும்.

அப்பத்தாவின் நாடி மூக்கைத் தொட வந்ததும் இதே கணக்கில்தான். இரண்டு தாடையிலும் பல்லும் பல் எலும்பும் போய்விட்டால், வாயை மூடும்போது கீழ்த்தாடை எங்கே நிற்பது என்று தெரியாமல் மேலே ஏறிக்கொண்டே போகும். ஏறும்போது அது நேராக ஏறாது. காதின் முன்னே உள்ள மூட்டில் சுழல்வதால் நாடி முன்னுக்கு வந்துவிடும். மேல்தாடை உள்நோக்கிச் சுருங்குகிறது, கீழ்த்தாடை அடிநோக்கியும் வெளிநோக்கியும் தேய்கிறது. அதனால்தான் மேல் உதடு உள்ளே மடிந்து கீழ் நாடி துருத்துகிறது. நாடி வளர்ந்துவிட்டது என்று சொல்வார்கள். அது வளரவில்லை. அதைச் சுற்றி இருந்ததெல்லாம் போய்விட்டதால் அது மட்டும் தெரிகிறது. வாய் ஓரங்களில் சிவந்து வெடித்துப் புண்ணாவதும் இப்படித் தாடை அதிகமாக மூடுவதால்தான். அந்த மடிப்பில் எச்சில் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும். அம்மாவுக்கு அப்படி இருந்தால் களிம்பு மட்டும் போதாது, செட்டின் உயரத்தையும் பார்க்க வேண்டும்.

ஒரு குழந்தையின் தாடை, முப்பது வயதுக்காரரின் தாடை, பல் போன முதியவரின் தாடை, மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வயதின் வேலை பளிச்சென்று தெரியும். பிறந்த குழந்தைக்குக் கீழ்த்தாடை ஒரே எலும்பு அல்ல. இடம், வலம் என்று இரண்டு துண்டு. நாடியின் நடுவில் நார்த்திசுவால் சேர்ந்திருக்கும், முதல் பிறந்தநாள் வாக்கில் எலும்பாக ஒன்றாகிவிடும். தாடையின் படுத்த பகுதியும் காதை நோக்கி நிமிர்ந்த பகுதியும் சேரும் மூலையைத் தாடைக்கோணம் என்கிறோம். குழந்தைக்கு அது 140 டிகிரிக்குக் குறையாமல் நன்றாக விரிந்திருக்கும்; நரம்புத் துளை அடி ஓரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். பல் முளைத்து, மெல்லும் தசைகள் இழுக்க இழுக்க, நடுவயதில் கோணம் 110 முதல் 120 டிகிரி வரை மடங்கும், துளை நடு உயரத்துக்கு வந்துவிடும். பல் எல்லாம் போனபின் கோணம் மறுபடி விரிந்து குழந்தையுடையதைப் போலாகும் என்று பாடநூல்கள் எழுதுகின்றன. வயதே அதைச் செய்துவிடுவதில்லை. எண்பது வயதிலும் பல்லோடு இருப்பவரின் கோணம் பெரிதாக மாறுவதில்லை; மெல்லுவது குறைந்து, தசை மெலிந்து, அது பற்றியிருந்த மூலை தேய்வதே முக்கியக் காரணம். இந்த வேறுபாட்டை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "வயசாச்சு, என்ன செய்ய" என்று விட்டுவிடும் பல விஷயங்கள் வயதால் வருவதில்லை, பல் போனதால் வருகின்றன.

இப்போது அத்தை சொன்னதற்கு வருவோம். அவர் சொன்னது பாதி சரி.

பத்து வயது வரை பையன் தாடையையும் பெண் தாடையையும் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது. பருவம் எய்தும் காலத்தில்தான் பாதை பிரிகிறது. பெண்களுக்குத் தாடை வளர்ச்சி பெரும்பாலும் 14 முதல் 16 வயதுக்குள் அடங்கிவிடும். ஆண்களுக்கு 18, சிலருக்கு 20 வரைகூட நீளும். கூடுதலாகக் கிடைக்கும் அந்த ஆண்டுகளும் பெரிய தசைகளும் சேர்ந்து ஆண் தாடையைக் கனமாக்குகின்றன. உங்கள் அப்பாவைப் பல்லைக் கடிக்கச் சொல்லிவிட்டு, காதுமடலுக்குக் கீழே தாடை மூலையில் விரலை வையுங்கள். ஒரு தசை கெட்டியாகப் புடைத்து எழும். அந்தத் தசை ஒட்டியிருக்கும் எலும்பு மூலை பெரும்பாலான ஆண்களுக்கு வெளிப்பக்கமாகச் சற்றே மலர்ந்து, மேடு பள்ளமாக இருக்கும். பெண்களுக்கு வழவழப்பாக, கோணம் சில டிகிரி கூடுதலாக விரிந்திருக்கும். நாடி ஆணுக்கு அகலமாகச் சதுரித்து, இரண்டு பக்கமும் சிறு முண்டு தெரியும். பெண்ணுக்கு நடுவில் குவிந்து வட்டமாக முடியும். நிமிர்ந்த பகுதி ஆணுக்கு அகலம். மூட்டில் போய் உட்காரும் குமிழும் பெரிது. நாடிக்கு நேரே எலும்பின் உயரமும் ஆணுக்குச் சில மில்லிமீட்டர் அதிகம்.

இவை எல்லாம் சராசரி. சதுர நாடி உள்ள பெண்களும் குவிந்த நாடி உள்ள ஆண்களும் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகையில் முதுமக்கள் தாழிகளுக்குள் கிடைத்தது போன்ற எலும்புகளைக் கையாளும் நிபுணர்கள், ஆணா பெண்ணா என்று சொல்வதற்கு முதலில் தேடுவது இடுப்பெலும்பை. தாடை துணைச் சாட்சிதான். அதிலும் பல் இல்லாத தாடை ஏமாற்றும். கோணம் விரிந்து, மூலை தேய்ந்து, மெலிந்துபோன முதியவரின் தாடை பார்வைக்குப் பெண் தாடை போலவே இருக்கும்.

உங்கள் அம்மாவுக்கு இதில் முக்கியமானது அந்தச் சில மில்லிமீட்டர் உயரம்தான். ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன்: அப்பாவுக்குத் தொடக்கத்தில் 33 மில்லிமீட்டர், அம்மாவுக்கு 28 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேருக்கும் 14 தேய்ந்தால் அப்பாவிடம் 19 இருக்கும். அம்மாவிடம் பாதிதான் இருக்கும். தேய்மானம் ஒன்று, விளைவு வேறு. இதோடு மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்து உடம்பெங்கும் எலும்பின் அடர்த்தி குறைவதும் சேர்கிறது. அதனால் பெண்களுக்குத் தாடை கூடுதலாகத் தேய்கிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன, எல்லா ஆய்வும் ஒரே குரலில் சொல்லவில்லை.

அத்தை விட்டுவிட்ட பாதி இது: அம்மாவுக்குப் பல் போய் 15 வருடம், அப்பாவுக்கு 3 வருடம். அதுவும் அப்பாவுக்குக் கீழே இரண்டு கோரைப்பல் இருக்கிறது. அவருடைய செட் நிற்பதற்கு ஆண் தாடையைவிட அந்த இரண்டு பல்லே பெரிய காரணம்.

அம்மாவுக்கு என்ன செய்யலாம்? மூன்றாவது செட்டுக்கு அளவு கொடுப்பதற்கு முன்னால் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே ஒன்று எடுங்கள். வாய்க்குள் எதையும் திணிக்காமல் தலையைச் சுற்றி வந்து இரண்டு தாடையையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே. மதுரையில் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் தனியார் ஸ்கேன் மையங்களிலும் எடுக்கிறார்கள். அதில் மருத்துவரிடம் இரண்டு விஷயம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

முதலாவது, எவ்வளவு எலும்பு போயிருக்கிறது. தாடையின் அடி ஓரத்திலிருந்து நரம்புத் துளையின் கீழ் விளிம்பு வரை அளக்க வேண்டும். வளர்ந்து முடிந்தபின் அந்த அளவு வாழ்நாளில் அவ்வளவாக மாறாது. பல் இருந்த காலத்தில் தாடையின் முழு உயரம் அதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. படத்தில் அது 10 மில்லிமீட்டர் என்றால் முன்பு உயரம் சுமார் 30. இப்போது 14 இருந்தால் 16 போய்விட்டது, பாதிக்கு மேல். எக்ஸ்ரே எல்லாவற்றையும் சற்றுப் பெரிதாக்கிக் காட்டும். ஆனால் இரண்டு அளவும் ஒரே விகிதத்தில் பெரிதாவதால் கணக்கு பிசகாது. மூன்றில் ஒரு பங்குக்குள் போயிருந்தால் நல்ல செட்டே போதும். மூன்றில் இரண்டு பங்கு வரை என்றால் செட் செய்பவரின் கைத்திறன் முழுவதும் தேவை. அதற்கும் மேலே என்றால் வெறும் செட்டை மாற்றி மாற்றிக் கட்டுவதில் பலன் குறைவு.

இரண்டாவது, அடி ஓரத்தில் வெள்ளைக் கோடாகத் தெரியும் கெட்டி எலும்பின் தடிமன். துளைக்கு நேர் கீழே அது 3 மில்லிமீட்டருக்குக் குறைவாகவோ, அரித்தது போலவோ இருந்தால் உடம்பின் மற்ற எலும்புகளையும் பரிசோதித்துப் பார்ப்பது நல்லது. முதுகோ இடுப்போ முறிந்தபின் தெரிந்துகொள்வதைவிடப் பல் எக்ஸ்ரேயில் தெரிந்துகொள்வது மேல். எலும்பு தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை என்று அலென்ட்ரோனேட் போன்றதை அம்மா ஏற்கெனவே சாப்பிட்டுவந்தால், அல்லது அதற்காக ஊசி போட்டிருந்தால், வாயில் எந்த வேலைக்கும் முன்னால் அதைச் சொல்லிவிட வேண்டும். அந்த மருந்துகளை எடுத்துக்கொள்பவர்களுக்குத் தாடை எலும்பில் காயம் பட்டால் சிலருக்கு எலும்பு ஆறாமல் வெளியே தெரிய ஆரம்பித்துவிடும். அதற்குப் பயந்து மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

நாலு மாதச் செட்டைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஓரங்கள் எதுவரை போகின்றன என்று முதலில் பார்க்க வேண்டும். கீழ் செட் பின்னால் கடைசிக் கடைவாய்ப்பல் இருந்த இடத்துக்கும் அப்பால், பேரிக்காய் வடிவில் உள்ள மெத்தென்ற திட்டு வரை போய் மூட வேண்டும். ஆடுகிறதே என்று அந்த ஓரத்தை வெட்டிச் சின்னதாக்குவது அடிக்கடி நடக்கும் தவறு. அது இன்னும் ஆடும். அந்த இடம் எளிதில் தேயாத இடம், அதை விடக் கூடாது. உள்பக்கம் நாக்கு ஓரத்தில் ஓர் எலும்பு விளிம்பு கூர்மையாக நிற்கும், அங்கே அழுத்தினால் அளவாகக் குடைய வேண்டும். ஓரங்கள் சரியாக இருந்து உள்பக்கம் மட்டும் பொருந்தாவிட்டால், மெத்தென்ற பொருளைப் பூசிச் சில வாரம் ஈறை ஆறவிட்டு, பிறகு உள்பூச்சு மாற்றிக்கொள்ளலாம். இதை ரீலைன் என்பார்கள்.

எலும்பு மிகவும் குறைந்திருந்தால் நல்ல வழி, நாடிப் பக்கம் இரண்டு நரம்புத் துளைகளுக்கு நடுவில் இரண்டு இம்பிளான்ட் (எலும்புக்குள் பதிக்கும் திருகு) வைத்து, செட்டை அவற்றின் மேல் பட்டன் போல மாட்டுவது. பின்னால் எலும்பே இல்லாதவர்களுக்கும் முன்னால் இதற்குப் போதிய உயரம் பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். நரம்பும் அங்கே குறுக்கிடாது. எலும்போடு பிடிக்கச் சுமார் மூன்று மாதம் ஆகும். சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும், புகையிலை கூடவே கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியது: இரவில் செட்டைக் கழற்றிச் சாதாரண தண்ணீரில் போட்டுவையுங்கள், ஈறுக்கு ஓய்வு வேண்டும். வெந்நீர் வேண்டாம், வளைந்துவிடும். உணவைச் சின்னத் துண்டாக்கி, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மெல்லப் பழகச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் மென்றால் மறுபக்கம் எழும்பும். முறுக்கை முன்பல்லால் கடித்து இழுப்பது, பரோட்டாவை அப்படியே பிய்ப்பது இரண்டும் கீழ் செட்டைத் தூக்கிவிடும். குழம்பில் ஊறவிட்டு ஓரப்பல்லில் வைத்துச் சாப்பிடலாம்.

உங்களுக்கு 44 வயதில் இப்படி ஆகுமா என்று கேட்கிறீர்கள். பல் இருக்கும் இடத்தில் எலும்பும் இருக்கும். ஈறில் ரத்தம் வந்தால் இப்போதே பாருங்கள். ஈறு நோய் பல் விழுவதற்கு முன்பே எலும்பைத் தின்றுவிடும். சொத்தையான பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து காப்பாற்ற முடியுமா என்று கேட்காமல் எடுக்கச் சம்மதிக்காதீர்கள், முக்கியமாகக் கீழ்த்தாடையில்.

அதே காரணத்தால்தான் அப்பாவின் அந்த இரண்டு கோரைப்பல்லை எடுக்க வேண்டாம் என்கிறேன். எடுக்கத் தேதி குறித்திருந்தால் முதலில் அதைத் தள்ளிவையுங்கள். பார்வைக்கு இடைஞ்சல் என்றால், வேர் சிகிச்சை செய்து ஈறுக்கு மேல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் விட்டுக் குமிழ் போல் அறுத்து, அதன் மேல் செட்டை உட்கார வைக்கலாம். வெளியே ஒன்றும் தெரியாது, வேர் எலும்பைப் பிடித்துக்கொண்டே இருக்கும். கோரைப்பல்லின் வேர்தான் வாயிலேயே நீளமானது, சுமையைத் தாங்கும். ஆனால் செட்டுக்கு அடியில் இருக்கும் பல் சீக்கிரம் சொத்தையாகும்; காலையும் இரவும் ஃபுளோரைடு பற்பசையால் அந்தக் குமிழைத் துலக்கியாக வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். எலும்பைக் கடிப்பதை மட்டும் அவர் விட்டுவிடட்டும். செட் உடையும், அதற்கு முன்பே அந்தப் பல் ஆடத் தொடங்கும்.

மதுரைக்கு வரும்போது இரண்டு பேரையும் ஒன்றாகவே அழைத்து வாருங்கள். அம்மாவின் பழைய செட்டையும் எறிந்துவிடாமல் பையில் போட்டுக்கொள்ளுங்கள். முதல் செட் கட்டியபோது வாய் எந்த உயரத்தில் மூடியது, உதடு எங்கே நின்றது என்பதற்கு இப்போது இருக்கும் அளவு அது ஒன்றுதான்.